கரண்டி சத்தம் போடாத நேரம்

ஒரு பங்குனி மாதம் நோர்வேயின் வடகோடித் துறைமுகத்திலிருந்து சிறிய மீன்பிடிப் படகு ஒன்று, இன்னும் வடக்கே இருந்த ஒரு தீவை நோக்கிப் புறப்பட்டது. பத்து நாள் பயணம். படகில் இரண்டே பேர். ஓட்டுபவள் றெஜினா, கடலிலேயே வளர்ந்தவள். கூடப் போனவன் அவள் கணவன் அருமைநாதன். துறைமுகத்தில் மீன் பெட்டி அடுக்கியவன். ஆடாத தரையில் கெட்டிக்காரன்.

மனிதர் இருவர்தான் என்றாலும் படகில் பேச்சுக்குக் குறைவில்லை. அடுப்பின் மேல் தேநீர் கொதிக்க வைக்கும் கேத்தல் இருந்தது. அதற்கு மேலே, இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவில், கொக்கியில் ஒரு பெரிய கரண்டி தொங்கியது. கதவோரம் பனி உடைக்கும் மரச்சுத்தியல் சாய்ந்து கிடந்தது. வெளியே பாய்மரம் நின்றது.

படகு ஒரு பக்கம் சாய்ந்தால் கரண்டி ஒரு கம்பியில் மோதும். மறுபக்கம் சாய்ந்தால் மறு கம்பியில். டங், டங், டங். நாள் முழுக்க இதே சத்தம்.

“றெஜினா, அந்தக் கரண்டியைக் கழட்டிக் கடலிலை எறியுமப்பா. என்ரை மண்டைக்குள்ளை நிண்டு அடிக்குது,” என்றான் அருமைநாதன். நாலு நாளாக அவன் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை.

“எறிஞ்சுபோட்டுக் கஞ்சியை என்னத்தாலை அள்ளுறது? உங்கடை தொப்பியாலையோ?” என்றாள் அவள். சிரித்தாளே தவிர, அவனுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பயமாக இருந்தது.

கேத்தலும் கரண்டியைத் திட்டியது. “படகு ஆடினால் நீயும் ஆட வேண்டுமா?”

“நான் ஆடவில்லை. நேராகத்தான் தொங்குகிறேன்,” என்றது கரண்டி. “படகுதான் வந்து என்னை இடித்துவிட்டுத் திரும்பிப் போகிறது.”

ஐந்தாம் நாள் காலை குளிர் இறுகியது. அலையில் தெறித்த சாரல் பாய்மரத்தில் பட்டதும் அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டது.

“யார் நீ?” என்று கேட்டது பாய்மரம்.

“ஒரு மெல்லிய சட்டை. உனக்குக் குளிருமே என்று வந்தேன்,” என்றது பனிக்கட்டி.

சற்று நேரத்தில் இன்னொரு சாரல் வந்தது. “இது என் தங்கச்சி. அதிக இடம் கேட்கமாட்டாள்.” பிறகு அண்ணன் வந்தான். பிறகு மாமன், மாமி, அவர்கள் வீட்டார். நடுப்பகலில் பாய்மரமும் அதன் கயிறுகளும் உச்சி முதல் அடிவரை கண்ணாடிபோல் மின்னின.

கதவோரத்திலிருந்து சுத்தியல் கத்தியது. “அது சட்டை இல்லை, சுமை! யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள்!”

“நீ வந்தாலே அடிதான்,” என்றது பாய்மரம். “இவர்கள் என்னை ஒரு தடவையாவது அடித்தார்களா?”

அப்போது படகின் ஆட்டம் மாறியது. வெடுக்கென்று ஆடிக்கொண்டிருந்தது இப்போது தொட்டில்போல மெதுவாக அசையத் தொடங்கியது. கேத்தலிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. அருமைநாதன் எழுந்து உட்கார்ந்தான்.

“கடலுக்கு இண்டைக்குத்தான் என்னிலை இரக்கம் வந்திருக்கு. ஒரு தேத்தண்ணி தாருமன்.”

முழுக் கோப்பையும் குடித்தான். வயிறு ஏற்றுக்கொண்டது. வெளியே போய்ப் பனியைப் பார்க்க வேண்டும் என்று எழுந்த றெஜினா, அவன் முகத்தில் வந்த நிறத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் போகட்டும் என்று மறுபடி உட்கார்ந்தாள்.

“கடைசியில் உனக்கும் மரியாதை தெரிந்துவிட்டது,” என்று கேத்தல் கரண்டியைப் பாராட்டியது. “எவ்வளவு அமைதியாக இருக்கிறாய்!”

“எனக்குப் பயமாக இருக்கிறது,” என்றது கரண்டி. “நேற்று இரண்டு எண்ணுவதற்குள் படகு திரும்பிப் போய்விடும். இப்போது ஆறு எண்ணுகிறேன்.”

“எண்ணாமல் சும்மா இரு. அந்த மனிதன் இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான்.”

டங். படகு இடப்பக்கம் சாய்ந்தது. இடக் கம்பி கரண்டியின்மேல் வந்து அழுந்தியது. கரண்டி எண்ணியது. ஏழு. எட்டு. ஒன்பது. மறு கம்பியின் சத்தம் வரவில்லை.

அவனுக்குப் பாண் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த றெஜினாவின் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னப்பா?” என்றான் அருமைநாதன்.

“சத்தம் எங்கை?”

“அது இல்லாததுதானே சுகம்.”

“சுகமில்லை! மேலை பனிப் பாரம் ஏறிட்டுது. படகு சோம்பேறி மாதிரி நிமிரப் பஞ்சிப்படுது, இப்பிடியே விட்டால் கவிண்டுபோம். சுத்தியலை எடுங்கோ, ஓடுங்கோ!”

சாரல் குறையும்படி படகைக் காற்றுக்கு முதுகு காட்டத் திருப்பினாள். சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, அருமைநாதன் கைக்கு எட்டிய வலப்பக்க விளிம்பில் மடமடவென்று அடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் பனி உடைந்து கடலில் விழ விழ, படகு இடப்பக்கம் இன்னும் சாய்ந்தது.

“ஐயோ, அங்கை இல்லை! முதல்லை உச்சி! பிறகு ரெண்டு பக்கமும் மாறி மாறி!”

“உச்சி எட்டாதே!”

அவள் நீண்ட கோலை எடுத்து உயரே இடித்தாள். அவன் பாய்மரத்தைச் சுத்தியலால் விளாசினான்.

“இத்தனை நேரம் உன்னை அலங்கரித்தோமே!” என்று அழுதது பனிக்கட்டி.

பாய்மரம் ஒவ்வோர் அடிக்கும் நடுங்கியது. ஆனால் தன் கீழே படகு எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை இப்போதுதான் குனிந்து பார்த்தது. “அடி,” என்றது சுத்தியலிடம். “இன்னும் பலமாக அடி.”

பனி பாளம் பாளமாகக் கடலில் விழுந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, படகு தூக்கத்திலிருந்து விழித்ததுபோல் வெடுக்கென்று நிமிர்ந்தது. உள்ளே டங், டங், டங் என்று கேட்டது.

கேத்தலில் மீதியிருந்த தேத்தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டியது. கேத்தல் மெதுவாக, “இப்போது எத்தனை?” என்று கேட்டது.

“இரண்டு,” என்றது கரண்டி.

அருமைநாதன் கடல்பக்கம் குனிந்து, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். றெஜினா அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

“கரண்டியைக் கழட்டிவிடட்டோ?” என்று கேட்டாள்.

“கையை வையும் பாப்பம்!” என்றான் அவன்.

உள்ளே போய்ப் படுத்தான். உடம்பெல்லாம் வலித்தது. தலைக்கு மேலே டங், டங் என்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக அவன் நிம்மதியாகத் தூங்கினான்.