வாய்க்கால் வழியாக வந்த நீர்

செம்பட்டணத்தில் மழை பெய்தால் ஊருக்குக் கொண்டாட்டம், ஆற்றுக்குத் திண்டாட்டம். சாயக்காரர்கள் தொட்டிகளை வாய்க்காலில் கவிழ்ப்பார்கள். செக்குக்காரர்கள் எண்ணெய்க் கசண்டைக் கொட்டுவார்கள். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது அரண்மனைக் குதிரை லாயத்துச் சாணம். வாய்க்கால் கரையில் அது குன்றுபோல் குவிந்து கிடக்கும். ஒரு மழை அடித்தால் அத்தனையும் ஆற்றோடு போய்ப் பேரரசரின் தலைநகரத்துப் படித்துறையில் ஒதுங்கும்.

பேரரசர் பொறுத்துப் பார்த்தார். பிறகு தூதரை அனுப்பினார். தூதர் சபை நடுவே நின்று ஆணையைச் சொன்னார்.

"மழை கொட்டும் நாளில், வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு வரும் நீர் அழுக்கில்லாமல் இருக்க வேண்டும். தவறினால் உம் பட்டம் பறிபோகும். முதல் மழைக்குப் பேரரசர் சார்பில் நானே கரையில் நின்று பார்ப்பேன்."

மன்னர் பூபதிராயருக்கு முகம் வெளுத்துவிட்டது. லாயத்தைக் கவனித்துவந்த படைத்தலைவர் சூரப்பருக்கோ உள்ளுக்குள் குஷி. சபையில் எப்போதும் தன்னை மடக்கிப் பேசும் விகடர் தாண்டவராயரை ஒழிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. இந்தப் பொறுப்பைத் தாண்டவராயரிடமே விடலாம், முடியாமல் போனால் மீசையை மழித்து ஊரைவிட்டு அனுப்பிவிடலாம் என்று மன்னர் காதில் போட்டார். மன்னரும் தலையாட்டினார்.

தாண்டவராயர் தெருத்தெருவாக அலைந்தார். சாயக்காரர்கள் செக்குக்காரர்களைக் கை காட்டினார்கள். செக்குக்காரர்கள் லாயத்தைக் காட்டினார்கள். அரண்மனைச் சாணம் நகர்ந்தால் நாங்களும் நகர்கிறோம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சூரப்பரோ, மன்னர் குதிரையின் சாணத்தில் கைவைப்பது மன்னரையே அவமதிப்பது என்று மறுத்துவிட்டார். மன்னரும் அவர் பக்கமே பேசினார்.

வானம் கறுக்கத் தொடங்கியது. தாண்டவராயர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷம் ஆசையாக வளர்த்த மீசை. அதைத் தடவும்போதே ஏதோ பொறி தட்டியது. நேரே மன்னரிடம் போனார்.

"பிரபு, ஆணையில் ஒரு சந்தேகம். தூதர் 'நீர்' என்றாரே, அது தண்ணீரா, தாங்களா?"

மன்னர் விழித்தார்.

"உம் பட்டம் பறிபோகும் என்று தங்களைத்தானே மிரட்டினார்? அப்படியானால் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு வரவேண்டிய நீரும் தாங்களாகவே இருக்கலாம். அழுக்கில்லாமல் வேறு வரவேண்டுமாம்."

தூதரையே கேட்டுவிடலாமா என்றார் மன்னர். பேரரசரின் பேச்சு புரியவில்லை என்று சொன்னால் அதற்கே பட்டம் போய்விடும் என்றார் தாண்டவராயர். மன்னருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒத்திகை பார்க்க வெள்ளைப் பட்டு உடுத்தி வாய்க்காலில் இறங்கினார். முதல் அடியில் முழங்கால்வரை புதைந்தது. இரண்டாவது அடியில் இடுப்புவரை. நான்கு பேர் சேர்ந்து வெளியே இழுத்தபோது பட்டு எது, சாணம் எது என்று தெரியவில்லை.

அன்றே அரண்மனையிலிருந்து உத்தரவு பறந்தது. சாணக் குன்று முழுவதும் சூரப்பரின் தென்னந்தோப்புக்கு வண்டி வண்டியாகப் போயிற்று. அரண்மனையே நகர்ந்த பிறகு மற்றவர்கள் சாக்குச் சொல்ல முடியுமா? சாயத்துக்கும் கசண்டுக்கும் ஊருக்கு வெளியே குழிகள் தோண்டப்பட்டன. தெருக்களைப் பெருக்கினார்கள். வாய்க்காலின் அடிமணல் தெரியும்வரை தூர்வாரினார்கள். மன்னர் தாமே கரையில் நின்று மேற்பார்வை பார்த்தார். நடக்கப்போகிறவர் அவரல்லவா!

முதல் மழை கொட்டியது. கரையில் குடை பிடித்து நின்ற தூதர் வாய்க்காலை உற்றுப் பார்த்தார். தண்ணீர் பளிங்குபோல் ஓடிவந்தது. அதன் பின்னாலேயே, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு பொட்டு அழுக்கில்லாமல் பூபதிராயர் நடந்துவந்தார்.

தூதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மன்னர் எதற்காக வாய்க்காலில் வருகிறார் என்று தாண்டவராயரைக் கேட்டார்.

"நீர் வரவேண்டும் என்று சொன்னீர்கள். எந்த நீர் என்று சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று இரண்டையும் அனுப்பிவிட்டோம்."

தூதர் குடையை நழுவவிட்டுச் சிரித்தார். தாம் ஏமாந்தது அப்போதுதான் மன்னருக்கு உறைத்தது. கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தார். காலடியில் தெளிந்து ஓடிய தண்ணீரைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்காலில் நின்றபடியே கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயரிடம் நீட்டினார்.

"பிடியும். இனி எந்த ஆணை வந்தாலும், அதற்கு அர்த்தம் சொல்ல நீர் மட்டும் வரவேண்டாம்."