நல்லமாடன் மண்டபத்தைப் புதுப்பித்த கதை

கூவைக்குளம் என்ற ஊர் தெற்கே இருந்தது. கிழக்கே இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "நாங்க இங்கேதான இருக்கோம்" என்பார்கள். நமக்கு அது போதும்.

அவ்வூரில் நல்லமாடன் என்றொருவர் இருந்தார். ஊர்க்கோடியில் அவருடைய பாட்டன் கட்டிய கல்மண்டபம் ஒன்று உண்டு. நான்கு தூண், மேலே கல் பாவிய கூரை, ஏறிப்போகச் சில படிகள், அவ்வளவுதான். அந்தக் கூரைக்குக் கீழேதான் அவர் வீட்டுப் பெண்களுக்குத் தாலி ஏற வேண்டும் என்பது குடும்ப வழக்கம்.

மகள் பூங்கனியின் நிச்சயதார்த்தமும் அங்கேயே நடந்தது. பாதியில் தூறல் போட்டது. கல்லிடுக்கு வழியாக ஒரு சொட்டு இறங்கி, மாப்பிள்ளையின் தகப்பனார் சடையப்பனுடைய வழுக்கையின் நடுவில் விழுந்தது.

சடையப்பன் தலையைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்தி, ஒழுகுற கூரைக்குக் கீழ என் மகன் தாலி கட்ட மாட்டான். கல்யாணத்துக்குள்ள மண்டபத்தைப் புதுப்பிச்சிரும். இல்லேன்னா மேளத்தோட வந்து மேளத்தோடயே திரும்பிருவோம்."

பூங்கனிக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்தன. நல்லமாடனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அவ்வழியே போன ஓர் ஆசாரியைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி, விவரம் கேட்டார்.

"கல்லை ஒண்ணொண்ணாக் கழட்டுங்க. கழட்டக் கழட்ட சுண்ணாம்பால எண் போடுங்க. பெறகு எண்ணைப் பார்த்து அடுக்கிக் கல்லுச் சந்துல சாந்தை நல்லாப் பூசிட்டா, வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஆசாரி தம் வழியே போய்விட்டார்.

நல்லமாடன் தம் மைத்துனன் தவசியையும் பங்காளி எசக்கியையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். கடப்பாரையை ஓங்கிய கையோடு எசக்கி அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். இடிக்கிறதும் கடப்பாரையாலதான், புதுப்பிக்கிறதும் கடப்பாரையாலதான். இப்ப நாம எதைச் செய்யறோம்னு கடப்பாரைக்கு எப்படித் தெரியும்?"

நல்லமாடன் ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். பாட்டன் கட்டியதைப் பேரனே இடித்தான் என்ற பெயர் வந்தால் என்ன ஆவது? மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள்.

தவசிதான் வழி கண்டான். "அத்தான், இடிக்கிறவன் எவனாவது கடப்பாரைக்குச் சந்தனம் வைப்பானா? வைக்க மாட்டான். நாம வைப்போம்."

சந்தனம் வைத்தார்கள். கல்லுக்கும் தெரிய வேண்டும் என்பதால், ஒவ்வொரு கல்லைப் பெயர்க்கும்போதும் எசக்கி அதன் பக்கத்தில் குனிந்து, "இடிக்கல, புதுப்பிக்கிறோம்" என்று பணிவாகச் சொன்னான்.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒருவன், "என்னவே, மண்டபத்தை இடிச்சாச்சா?" என்று கேட்டான்.

"கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? கடப்பாரை நெத்தியில சந்தனம் இருக்கிறது தெரியல?" என்று தவசி சீறினான். ஆட்டுக்காரன் சந்தனத்தைப் பார்த்தான், கற்குவியலைப் பார்த்தான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான்.

உச்சியில் கழற்றிய முதல் கல்லுக்கு ஒன்று. அதிலிருந்து தொடங்கிக் கூரை, உத்தரம், தூண், அடித்தளம் என்று இறங்கி, படிக்கல் வரைக்கும் எண் போட்டு முடித்தார்கள். இதுவரை ஒரு பிசகும் இல்லை. பிறகு அடுக்கத் தொடங்கினார்கள்.

"ஒண்ணு எது?" என்றான் எசக்கி.

"கூரையோட உச்சிக் கல்லு."

"அப்ப அதைத்தான் மொதல்ல வைக்கணும்."

நல்லமாடன் தயங்கினார். "ஏம்ப்பா, கூரை தரையிலயா வரும்?"

"ஆசாரி என்ன சொன்னார் அத்தான்? எண்ணைப் பார்த்து அடுக்குன்னார். ஒண்ணை வச்சாத்தான ரெண்டு வரும்? கடைசி எண்ணை மொதல்ல வச்சா அதுக்குப் பேரு புதுப்பிக்கிறதா? அதுதான் இடிக்கிறது!" என்றான் தவசி.

நல்லமாடன் ஒன்றாம் எண் கல்லைப் புரட்டித் தரையில் வைத்தார்.

மண்டபம் எழுந்தது. தரையில் கூரை, கூரைமேல் உத்தரம், அதன்மேல் தூண்கள், தூண்களின் தலையில் அடித்தளம், எல்லாவற்றுக்கும் மேலே, வானத்துக்கு ஏறத் தோதாக, படிகள். கூரைக் கற்களின் சந்தில் மட்டும் சாந்தை மெய்யாகவே நன்றாகப் பூசியிருந்தார்கள். ஓர் எண்கூடப் பிசகவில்லை என்று நல்லமாடன் கண்கலங்கினார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் பூங்கனி வந்து பார்த்தாள். சுற்றி வந்தாள். "நல்லாத்தான் இருக்கு அப்பா. ஆனா கூரைக்குக் கீழ நான் எப்படி உட்கார?"

மூவரும் கூரையைப் பார்த்தார்கள். அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தரம் புதுப்பிச்சிருவமா?" என்றான் எசக்கி.

"நேரம் ஏது?" என்று நல்லமாடன் தலையில் கைவைத்தார். "வழக்கத்தையும் விட முடியாது. மேளம் திரும்பிப் போச்சுன்னா எம்மவ கதி என்னடா?"

"கூரை கீழ எறங்கினா என்ன அத்தான்? அதுக்கும் கீழ நாம எறங்குவோம்" என்றான் தவசி.

பொழுது சாய்வதற்குள் கூரைக்கு அடியில் இரண்டு பேர் குனிந்து உட்காரும்படி ஒரு குழி தோண்டிவிட்டார்கள். அதற்குள் பாய் விரித்து, வாசலில் மாவிலைத் தோரணமும் கட்டினார்கள்.

மறுநாள் மேளத்தோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சடையப்பன் மண்டபத்துக்குள் ஏறி நின்று நிமிர்ந்து பார்த்தார். அடித்தளக் கற்களின் சந்து வழியே வானம் தெரிந்தது.

"கூரை எங்க சம்பந்தி?"

"கா... காலுக்குக் கீழ."

சடையப்பன் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. ஆனா ஒழுகாதுன்னு எப்படி நம்புறது? இன்னிக்குன்னு பார்த்து ஒரு மேகத்தையும் காணோமே!"

முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. "சரி, உள்ள போங்க. ஒரு சொட்டு எறங்கினாலும் தாலியைக் கட்டாம மேல வந்துரு" என்று சடையப்பன் மகனிடம் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் குழிக்குள் தவழ்ந்து போனார்கள். புரோகிதர் குழி வாசலில் குப்புறப் படுத்து மந்திரம் சொன்னார். "கெட்டிமேளம்!" என்று குரல் வந்ததும், மேலே கூரைமேல் நின்ற இரண்டு வீட்டு உறவுகளும் அட்சதையை அள்ளி வாழ்த்தித் தூவினார்கள். கூரையே மஞ்சளாகிவிட்டது.

சடையப்பன் தரையில் மண்டியிட்டுக் குழிக்குள் தலையை நீட்டினார்.

"ஏலே, அட்சதை ஏதாவது உள்ள விழுந்துச்சா?"

"ஒரு மணிகூட விழலப்பா!"

சடையப்பன் எழுந்து வந்து நல்லமாடனைக் கட்டிக்கொண்டார். "அடடா, சம்பந்தி! ரெண்டு ஊரு சனமும் சேர்ந்து போட்ட ஆசீர்வாதமே ஒழுகல. மழையா ஒழுகப் போவுது?"