மாராயியின் செப்பு வில்லை

முன்னொரு காலத்தில், ஒரு பல்லாங்குழிப் பலகைக்காக நாட்டுச் சட்டத்தையே மாற்றிய மன்னர் ஒருவர் இருந்தார். வெளிதேசத்துப் பாடகன் ஒருவன் அவருடைய தந்தப் பல்லாங்குழியை இரண்டு நாளைக்கு என்று இரவல் வாங்கிப் போனான். போனவன் திரும்பவே இல்லை. மன்னருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சபையைக் கூட்டினார்.

"இனி நம் களஞ்சியத்தில் யாருக்கும் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கக் கூடாது. முன்பு நம்மிடம் ஒரு பொருளை வாங்கி, அதைப் பழுதில்லாமல் திருப்பித் தந்தவர்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். எழுதுங்கள்!"

அப்படியே எழுதினார்கள். ஆனால் நெல் என்று எழுதவில்லை, பொருள் என்றுதான் எழுதினார்கள். மன்னர் மனசில் அப்போது நெல்லா இருந்தது? பல்லாங்குழிதான் இருந்தது.

அந்த ஆனி மாதம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து மாராயி என்பவள் புருஷனோடும் ஒரு ஜோடி மாட்டோடும் வந்து சேர்ந்தாள். அங்கே அவர்கள் நிலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மன்னர் இரக்கப்பட்டு ஏரிக்கரையில் தரிசு நிலம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஆடி முடிவதற்குள் விதைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போகும். அந்த வேறு ஆள் யார் என்றால், களஞ்சியத் தலைவர் ஏகாம்பரரின் மைத்துனர்.

மாராயி களஞ்சியத்துக்குப் போனாள்.

"மூணு கலம் விதைநெல்லு வேணுங்க. தை அறுப்புல அளந்து குடுத்துடுறேன்."

"ஏட்டில் உன் பெயர் இருக்கிறதா?" என்றார் ஏகாம்பரர்.

"நான் போன மாசந்தானே வந்தேன்?"

"வாங்கித் திருப்பியவர்களின் பெயர்தான் ஏட்டில் இருக்கும். பெயர் இருந்தால்தான் நெல்."

"நெல்லு குடுத்தாத்தானே திருப்ப முடியும்? திருப்பினாத்தானே பேரு வரும்?"

"சரியாகச் சொன்னாய்."

"அப்ப குடுங்க."

"பெயர் இல்லையே!"

மாராயி மடியிலிருந்து பழைய ஓலை ஒன்றை எடுத்து நீட்டினாள். "இருவது வருசம் எங்க நாட்டுல வாங்கித் திருப்பியிருக்கேன். ஒரு படி பாக்கி கிடையாது. எங்க மணியக்காரர் எழுதிக் குடுத்தது."

"அந்த நாட்டு ஓலை இந்த நாட்டில் செல்லாது. அதை வைத்து அடுப்பு மூட்டிக்கொள். நாளைக்கு வா, பார்க்கலாம்."

நாளைக்குப் போனாலும் இதே பேச்சு. மறுநாளும் இதே பேச்சு. பன்னிரண்டு நாள் நடந்தாள். ஆடி முடிய மூன்றே நாள் மிச்சம். புருஷன் மூன்று சால் உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

சபையில் பூவராகன் என்று ஒரு விகடன் இருந்தான். மன்னருக்குப் பக்கத்து ஆசனம் அவனுடையது. அந்த ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏகாம்பரருக்கு வயிறு எரியும். பூவராகன் வீட்டுக்கு எதிரேதான் மாராயியின் குடிசை. அவள் கதையைக் கேட்டதும் அவன் அவளைச் சபைக்கே அழைத்து வந்துவிட்டான்.

"அரசே, பன்னிரண்டு நாளாக விதைநெல்லுக்கு அலைகிறாள் இவள். இவளை எனக்குத் தெரியும். இவள் என் வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கினாள். மறுநாள் விடிவதற்குள் திருப்பிவிட்டாள். ஏணி வாங்கினாள், திருப்பினாள். என் மனைவி கூட என்னிடம் வாங்கிய எதையும் திருப்பியதில்லை."

சபை சிரித்தது. ஏகாம்பரர் எழுந்தார்.

"அரசே, மோர்ப்பானையும் களஞ்சியமும் ஒன்றா? விகடருக்கு இவ்வளவு நம்பிக்கை இருந்தால், நம் களஞ்சியத்து ஓலையிலேயே இவள் வாங்கித் திருப்பியதைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அந்த ஆசனம் எனக்கு."

மன்னருக்கு இந்தப் பந்தயம் பிடித்துப்போயிற்று. "பன்னிரண்டு நாள் அலைந்தாள் என்றாய் அல்லவா, பூவராகா? அப்படியானால் பன்னிரண்டு முறை திருப்பியதாகக் காட்டு. நாளைக் காலை சபை கூடும்போது ஓலை என் கையில் இருக்க வேண்டும்."

கடனே வாங்காதவள் பன்னிரண்டு முறை எப்படித் திருப்பியிருப்பாள்? வீடு திரும்பும் வழியெல்லாம் மாராயி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னால உங்க எடமும் போவப்போவுதே, சாமி."

"போனால் போகட்டும் தாயே. அங்கே தூண் முதுகில் குத்துகிறது. அதை விடு. களஞ்சியத்தில் உனக்கு என்னதான் கொடுத்தார்கள்?"

"திட்டுதான் குடுத்தாங்க."

"அதைத் திருப்பினாயா?"

"மனசுக்குள்ள திருப்பினேன்."

"அது ஓலையில் ஏறாதே! வேறு எதுவுமே தரவில்லையா?"

"வேறென்ன... உள்ள போறப்ப வாசக்காரன் ஒரு செப்பு வில்லை குடுப்பான். வெளிய வர்றப்ப வாங்கிக்குவான். அவ்வளவுதான்."

பூவராகன் நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

"ஒரு நாளாவது அதைத் தொலைத்தாயா?"

"ராசா முத்திரை போட்டதைத் தொலைப்பாங்களா? முந்தானையில முடிஞ்சு வச்சிருந்து குடுத்துருவேன்."

"வாசற்காரன் அதை எழுதி வைப்பானா?"

"பேரு கேட்டு எழுதுவான். குடுக்கிறப்ப ஒரு வரி, வாங்கறப்ப ஒரு வரி. எதுக்குக் கேக்குறீங்க?"

பூவராகன் சிரித்த சிரிப்பில் எதிரே வந்த மாடு மிரண்டது. "போய்ச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கு. நாளைக்கு வண்டி பூட்டச் சொல்."

மறுநாள் காலை சபை கூடியது. ஏகாம்பரர் புதுப்பட்டு உடுத்தி வந்து, பூவராகனின் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"எங்கே பன்னிரண்டு?" என்றார் மன்னர்.

வாசற்காரன் காத்தான் ஓர் ஓலைக்கட்டைச் சுமந்து வந்து வைத்தான்.

"களஞ்சியத்து ஓலை, அரசே," என்றான் பூவராகன்.

"பொய்! களஞ்சியத்து ஏடு என் பெட்டியில் இருக்கிறது!" என்றார் ஏகாம்பரர்.

"அப்படியா? இந்த ஓலைகளின் அடியில் இருக்கும் முத்திரை யாருடையது என்று சற்றுப் பாருங்கள்."

ஏகாம்பரர் குனிந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "என்னுடையதுதான். ஆனால் இது வாசல் ஓலை! திருடர்கள் நுழையாமலிருக்க நான் செய்த ஏற்பாடு. தினமும் மாலையில் முத்திரை போடுவேன். அதையெல்லாம் யார் படித்துப் பார்க்கிறார்கள்?"

"இன்று காத்தான் படிப்பான். படி அப்பா."

"முதல் நாள். மாராயி. செப்பு வில்லை ஒன்று கொடுத்தது. பழுதில்லாமல் திரும்பியது. இரண்டாம் நாள். மாராயி. செப்பு வில்லை ஒன்று கொடுத்தது. பழுதில்லாமல் திரும்பியது..."

பன்னிரண்டாம் நாள் வரைக்கும் காத்தான் மூச்சு விடாமல் படித்தான்.

"அரசே," என்றான் பூவராகன், "தங்கள் சட்டம் 'ஒரு பொருளை வாங்கி' என்கிறது. தங்கள் முத்திரை பதித்த செப்பு வில்லை ஒரு பொருள்தானே?"

"என் முத்திரை பதித்ததைப் பொருளில்லை என்று எவன் சொல்வான்?"

"அது நெல் இல்லையே, அரசே!" என்று கத்தினார் ஏகாம்பரர்.

"சட்டத்தில் நெல் என்ற சொல் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். ஆசனத்தை இப்போதே துடைத்துத் தருகிறேன்."

ஏகாம்பரர் ஆசனத்தை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார். மன்னரின் மீசை ஆடத் தொடங்கியது.

"இன்னும் ஒரு பெயர் பாக்கி, அரசே. காத்தா, அதையும் படித்துவிடு."

காத்தான் ஏகாம்பரரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் படித்தான். "தலைவரின் மைத்துனர். செப்பு வில்லை ஒன்பது கொடுத்தது. திரும்பியது... ஒன்றும் இல்லை."

"ஒன்பது வில்லையும் எங்கே?" என்றார் மன்னர்.

"மைத்துனர் வீட்டுப் பிள்ளைகள் சில்லு விளையாடுகிறார்கள்," என்றான் பூவராகன். "ஒன்றை மட்டும் ஆடுகிற கட்டில்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்."

மன்னர் அடக்கிவைத்த சிரிப்பு வெடித்தது. சபை முழுவதும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சொன்னார்: "மாராயிக்கு மூன்று கலம் இப்போதே அளக்க வேண்டும். அந்த ஒன்பதும் திரும்பும்வரை மைத்துனருக்கு ஒரு மணி நெல்லும் கிடையாது. ஏகாம்பரரே, அதுவரை வாசலில் நின்று வில்லை கொடுக்கிற வேலை உம்முடையது. நானும் வருகிறேன், அந்த வில்லையை நானே பார்த்ததில்லை."

எல்லோரும் களஞ்சியத்துக்குப் போனார்கள். ஏகாம்பரர் தம் கையாலேயே மாராயிக்கு ஒரு வில்லை கொடுத்தார். நெல் அளந்து மூட்டை கட்டி வண்டியில் ஏறியது. கடைசி மூட்டை ஏறியதும்தான் மாராயி மூச்சே விட்டாள். அப்புறம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாட்டை விரட்டினாள்.

மன்னர் ஒரு பட்டுச் சால்வையை எடுத்துப் பூவராகன் தோளில் போர்த்தினார். அவ்வளவுதான், இடி இடித்து மழை கொட்டியது. மன்னர், விகடன், காத்தான், ஏகாம்பரர் எல்லோரும் களஞ்சியத்து இறவாரத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

"நல்ல நேரத்தில் மழை," என்றார் மன்னர்.

அப்போது மழைக்குள் ஓர் உருவம் ஓடி வந்தது. மாராயிதான்! தலை சொட்டச் சொட்ட, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

ஏகாம்பரருக்கு முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா அரசே? இன்னும் ஒரு கலம் கேட்க வந்துவிட்டாள்!"

மாராயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே செப்பு வில்லை பளபளத்தது.

"சந்தோசத்துல இதைக் குடுக்காமப் போயிட்டேனுங்க. ஏரிக்கரை வரைக்கும் போயிட்டேன். நெல்லு நனையாம வண்டிக்கு மேல பாயைப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

ஏகாம்பரர் கையை நீட்டி வில்லையை வாங்கிக்கொண்டார்.

"வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர். எழுதும், பதின்மூன்று!" என்றார் மன்னர்.

பூவராகன் தன் தோளிலிருந்த புதுச் சால்வையை எடுத்து மாராயியின் நனைந்த தலைமேல் போட்டான்.

"இது இரவல்தான், தாயே. காய்ந்ததும் கொண்டு வா."

"நாளைக்கே கொண்டாந்துடுறேன், சாமி."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூவராகா, உனக்கு வேறு சால்வை தருகிறேன். இரண்டாகவே தருகிறேன். ஏகாம்பரரே, எழுத்தாணியைக் கீழே வைக்காதீர். பதினான்குக்கும் இப்போதே இடம் விட்டு வையும்!"