முக்கிப் பார்த்த கல்

செம்மணல்துறையில் கடற்கரை மணல் சிவப்பாக இருக்கும். கார்னெட் கல்லின் பொடி அது. அந்தக் கரையோரம் ஓலைக் குடில் ஒன்றில் நீலாயதாட்சி அம்மா இருந்தாள். முப்பது வயதுவரை நகைகளுக்குக் கல் பதித்தவள். பிறகு பதிப்பதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தவளைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நம் ஊர்களில் எப்போதும் நடப்பதுதான்.

வந்தவர்களில் ஒருவர் சங்குமுத்து. கல் வியாபாரி. வயது அறுபது தாண்டியவர். அவர் குருவாக நினைத்த அம்மாவுக்கு நாற்பத்தைந்துதான். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். ஆறு வருடமாகப் புதன்கிழமை காலையில் வந்து, பாயில் உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்.

அந்தப் புதன்கிழமை வந்தவரை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். சட்டை அவருடையதுதான். உள்ளே ஆள் பாதியாக இருந்தார்.

அவள் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். விசிறியை எடுக்க அவள் திரும்பியதும் சங்குமுத்து மோதிரம் போட்ட விரலை மோருக்குள் முக்கி எடுத்தார். மோதிரக் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்த பிறகும் குடிக்கவில்லை.

"மோர்ல என்ன, அண்ணாச்சி?"

"ஈ விழுந்துட்டும்மா."

"ஈ எங்க?"

அவர் தரையெல்லாம் தேடினார். ஈ அகப்படவில்லை.

"கல்லு கறுத்துட்டும்மா," என்றார் கடைசியில். கையை நீட்டினார்.

"என்ன கல்லு?"

வியாபாரம் என்றதும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "கார்னெட். சனவரியில பொறந்தவங்களுக்கு உண்டான கல்லு. அறுபதாங் கல்யாணத்துக்கு எம் வீட்டுக்காரி இசக்கியம்மா எனக்கு வாங்கிப் போட்டா. கார்னெட்டுன்னா ஒத்தக் கல்லு இல்லம்மா, பெரிய குடும்பம். செவப்பு உண்டு, பச்சையும் உண்டு. ராகுவுக்குப் போடுத கோமேதகம் இருக்கே, அதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளதான். அந்தக் காலத்துல பயணம் போறவன் பத்திரமா திரும்பணும்னு இதப் போட்டுக்கிடுவானாம். பிரியுத சிநேகிதங்க மறுபடி சந்திக்கணும்னு ஆளுக்கு ஒண்ணு குடுத்துக்கிடுவாங்களாம்."

"நல்ல கல்லாத்தான இருக்கு."

"இன்னும் ஒண்ணு இருக்கு." குரலைத் தாழ்த்தினார். குடிலில் வேறு யாருமே இல்லை. "ஆபத்து பக்கத்துல வந்தா இது மங்கிரும். சோத்துல விஷம் இருந்தாலும் காட்டிக் குடுத்துரும்."

"யாரு சொன்னா?"

"ஒரு நகைக்கடையில சின்னப் புத்தகம் குடுத்தாங்க. அதுல போட்டிருக்கு."

"நாப்பது வருசமா நீங்களும் கல்லு விக்கிய. யாவாரி சொல்லுதத எப்ப இருந்து நம்ப ஆரம்பிச்சிய?"

சங்குமுத்து சிரிக்கவில்லை.

"எதுலல்லாம் முக்கிப் பாத்திய?"

"காப்பியில. பாலுல. ரசத்துல. மீன் கொழம்புல. அவ அந்தப் பக்கம் திரும்புத நேரமாப் பாத்து முக்குவேன். மூணு மாசமா. கல்லு நாளுக்கு நாள் கறுத்துக்கிட்டே வருது. போன மாசத்துல இருந்து நான் வீட்டுல சாப்புடுததே இல்ல. கடையில ரொட்டி, வாழப்பழம். அவ்வளவுதான்."

"இசக்கியம்மா உங்களுக்கு எதுக்கு விஷம் வைக்கணும்?"

"அதுதாம்மா தெரியல. தெரியாததுதான் பயமா இருக்கு."

அம்மா விசிறிக்கொண்டே இருந்தாள். அவரே தொடர்ந்தார்.

"முந்தி வாரத்துக்கு ஒருக்கத்தான் சீலா மீன் கொழம்பு வைப்பா. இப்பத் தெனமும் வைக்கா. எனக்குப் பிடிச்சதாப் பாத்துப் பாத்து வைக்கா. எதுக்கு? அவ அண்ணங்கிட்ட போன்ல பேசுதா. நான் உள்ள வந்தா நிறுத்திருதா. எதுக்கு? நான் சாப்புடாம எந்திரிச்சா மூஞ்சி செத்துப் போகுது. திட்டம் பலிக்கலன்னுதான?"

"நீங்க கேட்டியளா?"

"கேட்டா உசாராயிருவாளே. வெள்ளிக்கிழமை அவ அண்ணன் உடன்குடியில இருந்து வாரான். கூட்டிட்டுப் போயிரு, இனிமே கொண்டாந்து விட வேண்டாம்னு சொல்லிட்டேன். காரணம் சொல்லல."

"இசக்கியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு வார்த்தை கேக்கல. நேத்து உக்காந்து மொளகாப்பொடி இடிக்கா. மூணு மாசத்துக்கு வரும். போறவளுக்கு எதுக்கும்மா அம்புட்டுப் பொடி?"

"யாருக்காம்?"

"எனக்காம்."

முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள். ஆனாலும் அவர் கண்ணில் சந்தேகம் அப்படியே இருந்தது. பாவம், அதுவும் அவரைப் போலவே பட்டினியில் காய்ந்து கிடந்தது.

அம்மா எழுந்து வெளியே போனாள். அலை வந்து போன இடத்தில் ஒரு கை மணலை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது என்ன?"

"கார்னெட் மணலு."

"எப்படி இருக்கு?"

"ஈரத்துல கறுத்துப் போய் இருக்கு."

"அலை பட்ட கரை முழுக்க இப்படித்தான் கறுத்துக் கெடக்கு. யாருக்கு யாரு விஷம் வச்சா?"

"அது வெறும் பொடிம்மா. இது பட்டை தீட்டுன கல்லு."

அம்மா மணலைத் தட்டிவிட்டுக் கையை நீட்டினாள். "மோதிரத்தக் குடுங்க."

அவர் கழற்றினார். கொடுக்கவில்லை. கைமாறும் கல்லின் மேலிருந்து கண்ணை எடுக்காதே என்பதுதான் அவர் தொழிலில் முதல் பாடம். குருவானாலும் கல்லைப் பதித்த கை, கல்லை மாற்றவும் தெரிந்த கை.

"என் கண்ணு முன்னாலயே பாருங்கம்மா," என்றார். சொன்ன பிறகு வெட்கப்பட்டார். ஆனாலும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

அடிப்பக்கம் மூடிய மோதிரம் அது. கல்லுக்குக் கீழே வெள்ளித் தகடு வைத்து, மேலே பொன் விளிம்பை அழுத்திப் பதித்தது. தகட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் இந்த மாதிரிக் கல் சுடரும். அம்மா ஓர் ஊசியால் விளிம்பைச் சுற்றி மெல்ல நெம்பினாள். தொழிலை விட்டுப் பதினைந்து வருடமாகியும் கை தடுமாறவில்லை. கல் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

புடவை முந்தானையால் அதைத் துடைத்து வாசல் வெயிலில் பிடித்தாள். சங்குமுத்துவின் வெள்ளை வேட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. மாதுளை முத்து நிறம். கறுப்பே இல்லை.

பிறகு மோதிரத்தை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். உள்ளே தகடு அட்டைக்கரியாக இருந்தது. அதன் மேல் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது.

"மோந்து பாருங்க."

அவர் மோந்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் மோந்தார்.

"என்ன அது?"

"புளி. மீன் கொழம்பு." நிறுத்தினார். "பாலு. திரிஞ்ச பாலு."

"விஷம்?"

அவர் குனிந்து மோதிரத்தையே பார்த்தார். மூடிய மோதிரத்தில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் தகடு கறுத்துக் கல் செத்துப் போகும் என்று நாற்பது வருடமாக வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னவர் அவர்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கும். அதே ஆள் நாளைக்கு நாலு தடவை குழம்பில் முக்கியிருக்கிறார்.

பிறகு தலையை நிமிர்த்தினார். சந்தேகம் அவ்வளவு சுலபமாக இடத்தைக் காலி செய்யாது.

"சரிம்மா. ஆனா மொதல்ல எனக்கு எப்படித் தோணுச்சு? உள்ள ஏதோ இருக்கப் போயித்தான தோணும்?"

"மொதத் தடவ எப்ப முக்குனிய?"

"புத்தகம் படிச்ச அன்னைக்கு. காப்பி கொண்டாந்து வச்சா. வெளையாட்டாத்தான் முக்குனேன்."

"கல்லு எப்படி இருந்துச்சு?"

"நல்லா செவப்பா இருந்துச்சு."

"அப்ப மறுநாளும் எதுக்கு முக்குனிய?"

சங்குமுத்து வாயைத் திறந்தார். "நேத்து நல்லா இருந்தா இன்னைக்கும் நல்லா இருக்கும்னு என்ன நிச்சயம்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தன் காதால் தானே அதைக் கேட்டுவிட்டார்.

கண் கலங்கியது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். மோர்த் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மூன்று மாதத்தில் கடைக்கு வெளியே அவர் அச்சமில்லாமல் விழுங்கிய முதல் வாய் அது.

"அம்மா, நான் இப்ப வீட்டுக்குப் போணும். போயி என்ன சொல்லட்டும்? ஒன்னப் போயிச் சந்தேகப்பட்டேன்னா? மன்னிச்சுக்கோன்னா? ஒங்க அண்ணன் வர வேண்டாம்னா? மூணு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசல. எந்த வாய வச்சுப் பேசுவேன்? மொத வார்த்தை என்ன சொல்ல?"

அம்மா கல்லை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"பசிக்குன்னு சொல்லுங்க, அண்ணாச்சி."