உடும்பு நக்கிப் பார்த்த மண்

காட்டோரக் குட்டைக் கரையில் பாவாயி என்ற முள்ளம்பன்றி தனியாகக் குடியிருந்தது. முன்பு அங்கே ஏழெட்டு வளைகளில் ஆள் நடமாட்டம் இருந்தது. மண் விளையாமல் போனதும் ஒவ்வொரு குடும்பமாக மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கடைசியாகப் போனது பாவாயியின் தங்கை, குட்டிகளோடு.

"கிழங்கு விளைஞ்சா சொல்லி அனுப்புக்கா. ஓடி வந்துடறோம்!" என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

அதன்பிறகு பாவாயிக்குப் பேச ஆளில்லை. முள்ளைச் சிலிர்த்தால் சலசலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சும்மா சும்மா சிலிர்த்துக்கொள்ளும்.

ஒருநாள் அந்தப் பக்கம் உடும்பு வந்தது. மண்ணையும் தண்ணீரையும் நாக்கால் தொட்டுப் பார்த்து, என்ன குறை என்று சொல்வது அதன் தொழில்.

"தாயி, கொல்லையில நாலஞ்சு இடத்துல தோண்டி, எல்லாத்தையும் கலந்து ஒரு பிடி கொண்டா. மர நிழல்ல எடுக்காதே. பயிருக்குப் பாய்ச்சற தண்ணியும் கொஞ்சம் வேணும்!"

பாவாயி கொல்லையைப் பார்த்தது. அங்கங்கே மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. 'இதையா கொண்டுபோய்க் காட்டுவது? விருந்தாளிக்கு நல்ல கிழங்கைத்தானே எடுத்து வைப்போம்? இந்த மண்ணைப் பார்த்து, "உருப்படாது" என்று சொல்லிவிட்டால் தங்கை வரவே வராதே!'

புங்கமரத்தடியில் இலை மக்கிக் கிடந்த கறுப்பு மண்ணை அள்ளியது. குட்டைத் தண்ணீரை விட்டுவிட்டு, பாறைக்குழியில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தொன்னையில் பிடித்தது.

உடும்பு நக்கிப் பார்த்தது. "அடேயப்பா! ஒரு குறையும் இல்லே. தைரியமா நடு!"

பாவாயிக்குத் தலைகால் புரியவில்லை; கொல்லை மண் வேறு என்பதே மறந்துபோனது. உடனே மைனாவிடம் சொல்லி அனுப்பியது. தங்கையும் மலையிலிருந்த வளையைக் காலி செய்துவிட்டுக் குட்டிகளோடு வந்து இறங்கியது. எல்லோருமாகச் சேர்ந்து கிழங்குக் கொடி நட்டார்கள். குட்டைத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள்.

கொடி வேர்விடவே இல்லை. இலை ஓரமெல்லாம் தீய்ந்தது.

"மண்ணு நல்லா இருக்குன்னு சொன்னியே! வளையை அடுத்தவளுக்கு விட்டுட்டு வந்துட்டேன். இனி யார் வாசல்ல போய் நிக்கறது?" என்று தங்கை கத்தியது.

பாவாயி உடும்பிடம் ஓடியது. "அண்ணே, நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீ கொண்டு வந்ததை நக்கினேன், சொன்னேன். கொண்டு வராததை எப்படி நக்குவேன்?"

பாவாயி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னது. உடும்பு கொல்லைக்கே வந்தது. மண்ணைத் தொட்டது, குட்டைத் தண்ணீரையும் தொட்டது. முகம் சுளித்தது.

"இரண்டுலயும் உப்பு, தாயி! மழைக்கு முன்னால வடிகால் வெட்டு. மழைத் தண்ணியைத் தேக்கி உப்பைக் கழுவி விடு. தக்கைப்பூண்டு விதைச்சு, அந்தப் பசுந்தழையை மண்ணோட மடக்கி உழு. கொஞ்சம் கொஞ்சமாத் தேறும். அன்னிக்கே சொல்லியிருந்தா இந்நேரம் வடிகாலாவது வெட்டி முடிஞ்சிருக்கும்."

"நீ வெட்டிக்கோக்கா. பசிக்கற குட்டிகளை வச்சுக்கிட்டு என்னால காத்திருக்க முடியாது" என்றது தங்கை. குட்டிகள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே மலையேறின.

அவை கண்ணுக்கு மறைந்ததும் பாவாயி, வெள்ளை பூத்த இடத்தில் ஒற்றை ஆளாக வடிகால் வெட்டத் தொடங்கியது.

சோதிப்பவரிடம் குறையை மறைத்து வாங்கும் நல்ல பெயர், அந்தக் குறையை வளர்க்குமே தவிர ஒருநாளும் தீர்க்காது.