ஓரத்துக் கொடி

பவுன்ராஜ் திராட்சை விஞ்ஞானி. தலை நரைத்தும் அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். மழை பிடித்தால் போதும், செவட்டை நோய் வந்து இலையெல்லாம் கருகிவிடும். கம்பத்து விவசாயி மருந்து அடித்தே ஓய்ந்துபோவான். மருந்தே தேவைப்படாத ஒரு ரகம் வேண்டும் அவருக்கு. இந்தப் பூவின் மகரந்தத்தை அந்தப் பூவில் தடவி, விதையெடுத்து, நட்டு, கழித்துக் கழித்து, கடைசியில் ஒரு வரிசைக் கொடிகள் மிஞ்சின. அந்த ரகத்தை ஏற்பதா வேண்டாமா என்று சொல்லும் குழு மறுநாள் வருகிறது.

குழுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே எஸ்தர் வந்து இறங்கினார். பவுன்ராஜுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பேராசிரியை. இந்த ஆராய்ச்சிப் பண்ணையின் முதல் கொடிகளை அவரோடு கூட நின்று நட்டவர்.

அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் அடைமழையில் கருகிக் கிடக்க, இந்தப் பந்தலில் ஒரு நோய்ப் புள்ளி இல்லை. பவுன்ராஜ் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். எஸ்தர் எதையும் நின்று பார்க்கவில்லை. நேரே போய் ஓரத்தில் தனியாக இருந்த கொடியின் முன்னால் நின்றார்.

அது நோஞ்சான் கொடி. நோய் வந்தால் முதலில் விழும். அதற்காகவே நட்டது. அது கருகி, மற்றவை பச்சையாக நின்றால்தான் புது ரகம் நோயைத் தாங்கியது என்று அர்த்தம்.

ஓரத்துக் கொடி பச்சைப்பசேலென்று இருந்தது.

எஸ்தர் ஓர் இலையைத் திருப்பி, அடிப்பக்கம் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் நீலமாக மருந்து ஒட்டியது. துடைக்காமல் அப்படியே நீட்டிக் காட்டினார்.

பவுன்ராஜின் முகம் செத்துப்போயிற்று. மழை பிடித்த அன்றே அவரைப் பயமும் பிடித்துக்கொண்டது. ஆயுசு முழுக்கப் பட்ட பாடு கருகிப்போனால்? ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஸ்பிரேயரைத் தானே முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை முழுக்க மருந்து அடித்தார். கைப்பழக்கம், பாவி மனிதர் இந்த ஓரத்துக் கொடிக்கும் சேர்த்து அடித்துவிட்டார்.

"மருந்து இல்லாமலே தாங்கியிருக்குமோ என்னவோ மேடம். எனக்கே இப்ப தெரியாது."

நாளைக்குக் குழு தலையாட்டிவிட்டால் இதை நம்பி எத்தனை பேர் மருந்தில்லாமல் நடுவார்கள் என்பது பவுன்ராஜுக்குத் தெரியும். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதை மட்டும் பிடுங்கிப் போட்டுடவா?"

கேட்ட பிறகு அவருக்கே உடம்பு கூசியது.

"வேண்டாம். நாளைக்கு அவங்களை முதல்ல இங்கே கூட்டிட்டு வா."

"பார்த்த உடனே புரிஞ்சுடும் மேடம்."

"அதுக்குத்தானே நட்டோம்."