ஒரு முள் தள்ளி

மேகம் வந்து மரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் உயரத்தில் ஒரு காடு. அந்தக் காட்டில் வெள்ளச்சி என்றொரு முயல் இருந்தாள். அவளுக்கு ஏழு குட்டிகள். அவசரம் அவளோடு கூடவே பிறந்தது.

போன மார்கழியில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிப்போயிற்று. குட்டிகள் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்று அழுதன. வெள்ளச்சிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அடுத்த பனிக்கு என் பிள்ளைகள் பட்டை கடிக்கக் கூடாது என்று அன்றே சபதம் எடுத்துக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள், மலைப்பாதையில் போன வண்டியிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. பிரித்துப் பார்த்தால் கேரட் விதை! இரண்டு கைப்பிடி இருக்கும். கவ்விக்கொண்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

பக்கத்துப் புதரில் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். முள்ளுக்குப் பயந்து யாரும் அவன் அருகில் உட்காருவதில்லை. அதனாலோ என்னவோ, ஆள் கொஞ்சம் சிடுமூஞ்சி. ஆனால் கேரட் விஷயத்தில் அவனை அடிக்க ஆளில்லை. எத்தனை தோட்டத்தில் வேலி நுழைந்து தின்றவன்!

"இப்பவா விதைக்கப்போறே? மழை பேயாட்டம் போடுது. விதை மண்ணுல தங்காது. ஆவணி பிறக்கட்டும், வெள்ளச்சி" என்றான்.

"போங்கண்ணே! அதுவரைக்கும் யாரு காத்திருக்கிறது? சீக்கிரம் விதைச்சா சீக்கிரம் விளையும்."

ஒரு கைப்பிடியை அன்றே தூவினாள். சாயங்காலம் கொட்டிய மழையில் பாத்தியும் போயிற்று, விதையும் ஓடையோடு போயிற்று.

"ஐயையோ, பாதி போச்சே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணி வந்தது. மழை தணிந்தது. மிச்சக் கைப்பிடியை இந்தத் தடவை காலம் பார்த்துத்தான் விதைத்தாள். ஆனால் எப்படி விதைத்தாள் தெரியுமா, பிள்ளைகளே? அத்தனையையும் ஒரே பாத்தியில் நெருக்கியடித்துத் தூவிவிட்டாள்!

இருபது நாளில் பாத்தி முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைத்தது. ஈட்டியப்பன் எட்டிப் பார்த்தான்.

"அடிப் பாவி, இது கேரட்டா, கோரைப்பாயா? நடுநடுவே பிடுங்கி எடு. கீழே கிழங்கு பருக்க இடம் வேணும்."

வெள்ளச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முளைச்ச பிள்ளையைப் பிடுங்கச் சொல்றீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா? நாங்க எட்டுப் பேரும் ஒரே வளையில ஒட்டிக்கிட்டுத்தான் தூங்கறோம். ஒட்டியிருந்தாத்தான் கதகதப்பு. தனியாக் கிடக்கிற உங்களுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகுது?"

ஈட்டியப்பனுக்குச் சுருக்கென்றது. தன் புதருக்குத் திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை தூறல் போட்டது. குட்டிகள் வளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. வாசலில் ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது.

"வெளியே குளிருது. ஒட்டியிருந்தா கதகதப்புன்னு சொன்னியே, நானும் வரேன்" என்று ஈட்டியப்பன் முள்ளும் உடம்புமாக உள்ளே நுழைந்தான்.

"ஆத்தாடி! குத்துதே!" ஏழு குட்டிகளும் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டன.

"தள்ளிப் போங்கண்ணே!" என்று கத்தினாள் வெள்ளச்சி.

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு முள் நீளமாவது தள்ளி!"

"உனக்கு வாய் இருக்கு, கேட்டுட்டே. உன் கேரட்டுக்கு வாய் இல்லை. அதுவும் இதையேதான் கேட்குது" என்றான் ஈட்டியப்பன்.

வெள்ளச்சி திருதிருவென்று விழித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஈட்டியப்பன் உதிர்ந்த முள் இரண்டைக் கொடுத்தான். வரிசைக்கு வரிசை நீள முள்ளின் அளவு, செடிக்குச் செடி குட்டை முள்ளின் அளவு இடம் விடச் சொன்னான். பிடுங்கிய நாற்றைக் குட்டிகள் வாங்கி வாங்கித் தின்றன. ஆனாலும் தாய் மனசு கேட்கவில்லை. பாதிப் பாத்தியில் மட்டும் பிடுங்கி இடம் விட்டுவிட்டு, மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டாள்.

மார்கழி வந்தது. பனி விழுந்தது. புல் கருகியது. வெள்ளச்சி முதலில் நெருக்கமான பக்கத்தில் பிடுங்கினாள். எலிவால் மாதிரி வந்தது. சிலது ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கோணல்மாணலாக வந்தது. குட்டிகள் ஒரே மூச்சில் தின்று முடித்து, "இவ்வளவுதானா அம்மா?" என்றன.

வெள்ளச்சி மறுபக்கம் போய் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை! ஒரு குட்டி அவள் இடுப்பைப் பிடித்தது. அதன் இடுப்பை இன்னொன்று பிடித்தது. எட்டுப் பேரும் சேர்ந்து இழுக்க, பொளுக்கென்று வந்தது கேரட். எட்டுப் பேரும் மல்லாக்க விழுந்தார்கள். அப்பாடி, குட்டியின் தொடையைவிடப் பருமன்! அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் ஒரு குட்டிகூட மரப்பட்டையைத் தொடவில்லை.

முதல் விருந்துக்கு ஈட்டியப்பனைக் கூப்பிட்டார்கள். கடைக்குட்டி நீள முள்ளை எடுத்துத் தன் பக்கத்தில் தரையில் வைத்து அளந்தது.

"மாமா, இங்கே உட்காருங்க. சரியா ஒரு முள் தள்ளி!"

சிடுமூஞ்சி ஈட்டியப்பன் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பந்தியில் உட்கார்ந்து, வாய் நிறையக் கேரட்டோடு சிரித்தான்.

நீதி: உரிய காலமும் போதிய இடமும் கொடுத்தால்தான் எதுவும் செழித்து வளரும்.